கோல் கோட்டுச் சுண்ணாம்பு

மகள் கோல்கீப்பர் ஆகிவிட்டாள். நான் சொல்லித் தரவில்லை, என்னிடம் கேட்கவும் இல்லை. வேலூர் பைபாஸ் பக்கம் புதிதாக வந்திருக்கும் டர்ஃப் மைதானத்தில் விடுமுறைக் கால்பந்துப் பயிற்சிக்கு அவள் அம்மா சேர்த்துவிட்டாள். "யாரும் கோல்ல நிக்க மாட்டேன்னாங்கப்பா, அதான் நான் நின்னுட்டேன்" என்றாள். கோல்கீப்பர்கள் எல்லாருமே இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள் போலிருக்கிறது.

போன வாரம் வலைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பந்துக்குப் பாய்ந்து கோல் கோட்டின் மேல் குப்புற விழுந்தாள். எழுந்ததும் கண்ணைக் கசக்கினாள். அவ்வளவுதான். "கசக்காத! கசக்காத!" என்று கத்திக்கொண்டு, வயசையும் தொப்பையையும் மறந்து ஓடியிருக்கிறேன். பயிற்சியாளர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னையே பார்த்தார். "வேர்வைப்பா. மானத்த வாங்காதீங்க, போய் உக்காருங்க" என்றாள் மகள்.

ஓடி வந்ததற்குக் குனிந்து அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தேன். பெயின்ட் கூட இல்லை. பச்சைக் கம்பளத்தோடு கம்பளமாக வெள்ளை இழையைப் பதித்துவைத்திருக்கிறார்கள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

எங்கள் கோடு ஒட்டும். ஆம்பூரில் நான் வேலைக்குச் சேர்ந்த தோல் கம்பெனிக்குப் பின்னால், பாலாற்றுக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் ஒரு மைதானம் இருந்தது. தோல் ஊறவைக்கிற ஊரில் சுண்ணாம்புக்குப் பஞ்சமா? பச்சைத் தோலில் முடி கழல வேண்டுமென்றால் சுண்ணாம்புத் தொட்டியில்தான் போடவேண்டும். மேட்ச் நாளன்று குடோனிலிருந்து ஒரு மூட்டை மைதானத்துக்கு வந்துவிடும். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கம்பெனி மைதானத்திலும் இதே பழக்கம்தான். வெயிலில் அந்தக் கோடுகள் கண்ணைப் பறிக்கும். பஸ்ஸில் வருகிற வெளியூர்க்காரர்கள் எங்கள் ஊர் வந்ததும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்கோ மழைக்கு முன்னால் மண் வாசனை வருமே, அது மாதிரி சாதாரண விஷயம் அந்த நாற்றம். அதன் நடுவில் மூச்சு வாங்க வாங்க ஆடுவோம்.

நான் ஸ்டாப்பர் பேக். ஆட்டத்தில் எனக்கிருந்த ஒரே திறமை, வருகிற பந்தை ரயில் பாதைக்கு அனுப்புவது. எனக்குப் பின்னால் கோலில் நின்றவன் ஜெயசீலன். சீலன் என்றால்தான் ஊருக்குத் தெரியும். சுண்ணாம்புத் தொட்டியில் வேலை. காலையில் உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு தொட்டிக்குப் போவான். சாயங்காலம் பாலாற்று மணலில் விழுந்து விழுந்து எழுவான். தண்ணீர் இல்லாத அந்த ஆறு அவனுக்கு மெத்தை. கிளவுஸ் தைத்துக் கொடுத்தது அவன் மனைவி ஸ்டெல்லா. பக்கத்து ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் இருந்தாள். வெள்ளைக்காரிகள் காலுக்குப் போகிற மெத்தென்ற தோலில் மிஞ்சின துண்டுகளை எல்லாம் சேர்த்து, அவன் கைக்கு அளவெடுத்துத் தைத்தது. கலர் கலராக இருக்கும். எதிர் டீம்காரன்கள் சிரிப்பார்கள், முதல் பந்தை அவன் பிடிக்கிற வரைக்கும்.

கோல் கோட்டை மட்டும் யாரையும் போட விடமாட்டான். "என் வூட்டு வாசல். நாந்தான் கோலம் போடுவேன்" என்பான். மற்ற கோடுகள் விரல் தடிமன் என்றால் அவனுடையது வரப்பு மாதிரி இருக்கும். ரெஃப்ரிக்குச் சந்தேகம் வரக்கூடாதாம்.

அவனைச் சென்னை கிளப் ஒன்று கூப்பிட்டது. போனான். சம்பளத்துக்குப் பந்து பிடிக்கிற முதல் ஆள் எங்கள் கம்பெனியிலிருந்து! கிளப் ரூமில் தங்கி ஆடினான், லீக்கில் பேர் வாங்கினான். பேப்பரில் ஒரு மூலையில் அவன் படம் வந்தபோது கேன்டீன் சுவரில் ஒட்டினோம். அப்புறம் கோவாவிலிருந்து அழைப்பு வந்தது. நாடு முழுக்கப் போய் ஆடுகிற பெரிய கிளப். பொங்கல் முடிந்ததும் வந்து சேரச் சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தான். பொங்கலுக்குத்தான் கம்பெனிகளுக்குள் ஃபைனலும் நடக்கும். எங்கள் சூப்பர்வைசர் ரஹீம் பாய்தான் டீம் மேனேஜர். "நீ ஆடாத தோஸ்த். கை கால்ல பட்டா கோவாக்காரனுக்கு நான் இன்னா பதில் சொல்றது? பேஜாராயிடும்" என்று எவ்வளவோ சொன்னார்.

"நம்ம கோல்ல வேற எவன் பாய் நிப்பான்?" என்று சிரித்தபடியே சுண்ணாம்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனான் சீலன். அன்றைக்கும் வாசலுக்குக் கோலம் போட்டான்.

ஆட்டம் முடியப்போகிற நேரம். என்னைத் தாண்டி ஒருத்தன் உள்ளே போய்விட்டான் (என்னைத் தாண்டுவதற்குப் பெரிய ஆட்டக்காரனாக இருக்கவேண்டிய அவசியமில்லை). அவன் காலடியில் சீலன் பாய்ந்தான். பந்து கோட்டுக்கு இந்தப் பக்கமே அவன் நெஞ்சுக்கடியில் நின்றுவிட்டது. முகம் மட்டும் கோட்டின் மேல் இருந்தது. எழுந்தபோது வலது பக்கம் நெற்றியிலிருந்து தாடை வரை வெள்ளை. கண்ணைத் திறக்க முடியவில்லை.

கூட்டத்திலிருந்து ஸ்டெல்லா ஓடிவந்தாள். இடுப்பில் பச்சை பிளாஸ்டிக் குடம். ஆட்டக்காரர்களுக்காக வைத்திருந்த தண்ணீர். குடத்தைச் சாய்க்கப் போனவள் கையைச் சீலன் தட்டிவிட்டான்.

"தண்ணி வேணாம்! சுண்ணாம்புல தண்ணி பட்டா வெந்துடும்டீ!"

அவன் சொன்னது தொட்டியில் வேலை செய்கிற எல்லாருக்கும் தெரிந்ததுதான். சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொங்குவதைத் தினமும் பார்க்கிறவர்கள். எங்களில் ஒருத்தருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. கையில் பட்டால் என்ன செய்வோமோ அதையே செய்தோம். யாரோ தேங்காயெண்ணெய் கொண்டுவந்தார்கள். கண்ணில் விட்டு, துண்டால் துடைத்து, மறுபடி விட்டார்கள். ஸ்டெல்லா குடத்தோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். ஒற்றைக் கண்ணை மூடியபடியே மிச்ச ஆட்டத்தையும் ஆடி முடித்தான். ஜெயித்தோம். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு கம்பெனி கேட் வரை போனவர்களில் நானும் ஒருவன். மேலே இருந்துகொண்டு, "எரியுது மச்சான்" என்று என் தலையைப் பிடித்துக்கொண்டான்.

மறுநாள் கண் வீங்கி மூடிக்கொண்டது. வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அந்த டாக்டரம்மாவுக்குக் கோபமெல்லாம் இல்லை. விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு மெதுவாகத்தான் கேட்டார்.

"உடனே தண்ணி ஊத்திக் கழுவலையா? தண்ணிதாம்மா இதுக்கு மருந்து. ஊத்திக்கிட்டே இருந்திருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காது."

ஸ்டெல்லா தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

புண் ஆறியது. கருவிழியின் மேல் பால் ஏடு மாதிரி ஒன்று தங்கிவிட்டது. பக்கத்தில் வந்து பார்த்தால்தான் தெரியும். கோவாவுக்குப் போனான், போகாமல் எப்படி இருப்பான்? பட்டன் செல்போன்கள் வந்த புதிது. ஒரு நாள் கூப்பிட்டான். பின்னால் கடல் காற்று இரைந்தது.

"தரையில வர்ற பந்து பரவால்ல மச்சான். மேல வர்றதுதான்... எவ்ளோ தூரத்துல கீதுன்னு தெரியல. கைல பட்டப்புறம்தான் வந்துட்ச்சின்னே தெரியுது."

"கோச்சுகிட்ட சொன்னியா?"

"சொன்னா ஊட்டுக்கு அனுப்பிடுவாங்கடா."

சொல்லாமலே அனுப்பிவிட்டார்கள். ஒரு கார்னர் பந்துக்குக் கையைத் தூக்கினானாம். பந்து கைக்கு மேலே போய் கோலுக்குள் விழுந்ததாம். அடுத்த மேட்சிலும் அதுவே நடந்தது. அப்புறம் பெஞ்ச், அப்புறம் கையில் ஒரு ரயில் டிக்கெட். அவன் கிளப் வாழ்க்கை அவ்வளவுதான். ஸ்டேஷனுக்கு நான் போயிருந்தேன். கிளப் கொடுத்த வெளிநாட்டு கிளவுஸைப் பையில் வைத்துவிட்டு, ஸ்டெல்லா தைத்ததைக் கையில் மாட்டியபடி இறங்கினான். வேடிக்கைக்குத்தான் செய்தான். என்னால் சிரிக்க முடியவில்லை.

கம்பெனி மறுபடி சேர்த்துக்கொண்டது. சுண்ணாம்புத் தொட்டி வேண்டாம் என்று கேட்டு, தோலைச் சாயத்தில் உருட்டுகிற டிரம் செக்‌ஷனுக்கு மாறினான். எங்கள் கோலில்தான் மறுபடி நின்றான். விஷயம் தெரிந்த எதிர் டீம்கள் உயர உயர அடித்தன. நாங்கள் தோற்றோம். வேறு கீப்பர் போடலாம் என்று யாரும் வாயைத் திறக்கவில்லை, ரஹீம் பாய் உட்பட.

ஒவ்வொரு மேட்சுக்கும் ஸ்டெல்லா அந்தப் பச்சைக் குடத்தை நிரப்பிக் கொண்டுவந்து கோல் போஸ்ட்டுக்குப் பக்கத்தில் வைப்பாள். யாரும் அதிலிருந்து குடிக்க மாட்டோம். விசில் ஊதுவதற்கு முன்னால் சீலன் ஒரு கை அள்ளி வலது கண்ணைக் கழுவிக்கொள்வான். ஒன்றுக்கும் ஆகாது என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கேலி பேசியே பிழைத்த டீம் எங்களுடையது. அதை மட்டும் யாரும் கேலி பேசியதில்லை.

கம்பெனியை மூடிவிட்டார்கள். மைதானத்தில் இப்போது ஏதோ குடோன், லாரிகள் நிற்கின்றன. சீலன் போய்ச் சேர்ந்தான், மாரடைப்பு. சமீபத்தில் வேலூர் லாங் பஜாரில் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். தள்ளுவண்டிகளுக்கும் டூவீலர்களுக்கும் ஒதுங்கி ஒரு பாத்திரக்கடை ஓரமாக நின்று பேசினோம். பிள்ளைகள், முட்டிவலி, விலைவாசி எல்லாம் பேசி முடித்துக் கிளம்பும்போது திடீரென்று சொன்னாள்.

"அவரு வேணாம்னு தட்டிவுட்டா இன்னாண்ணே? நான் ஊத்தியிருக்கணும்."

"அன்னிக்கி யாருக்கும்மா தெரியும்" என்றேன். அவள் கேட்டுக்கொள்ளவில்லை. எத்தனை பேர் அதையே சொல்லியிருப்போம்.

மகள் விழுந்த அன்றைக்கு, டர்ஃபில் இடைவேளை விட்டார்கள். மகளுடைய பாட்டில் பாதி காலியாக இருந்தது. அதையும் நிரப்பி, கடையில் இன்னொன்றும் வாங்கிக்கொண்டு வந்து போஸ்ட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"தண்ணி வேணாம்பா. இருக்கு" என்றாள்.

"இருக்கட்டும்" என்று வைத்துவிட்டுத்தான் வந்தேன்.