அம்மாவின் கேஸை மூடிவைத்த இரண்டு நாள்

அம்மாவின் பதினாறாம் நாள் நினைவு மலருக்காக அவர் வாழ்க்கையை வரிசையாக எழுதித் தரும்படி தம்பி என்னிடம் ஒப்படைத்தான். மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். எங்கே தொடங்கினாலும் ஒரு வால்வில் வந்து நிற்கிறேன். மூத்தவளுக்குத் தலை குழம்பிவிட்டது என்று நினைப்பீர்கள். உண்மைதான், பொறுத்து வாசியுங்கள்.

அம்மா மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். வாழ்க்கைப்பட்டு வந்தது கலஹாவுக்கு. எங்களுக்கு விவரம் தெரியுமுன்னே அப்பா போய்விட்டார். மலையில் கொழுந்து, வீட்டில் பால்மாடு என்று அம்மா தனியாக எங்களை ஆளாக்கினார். ஈர விறகை ஊதி ஊதி இருமல் அவரிடம் நிலைத்துவிட்டது. பிறகு ஒரு திட்டத்தில் மாட்டுப்பட்டிக்கு அருகே சாணக் கேஸ் தொட்டி கட்டிக் கொடுத்தார்கள். சாணியைக் கரைத்து ஊற்றினால் குழாய் வழியே குசினி அடுப்புக்குக் கேஸ் வரும். "சாணியில சோறாக்குறாளாம்!" என்று வரிசை வீடுகளான எங்கள் லயமே சிரித்தது. அம்மா அசரவில்லை.

"வெறகு பொறுக்கப் போயி அட்டைக்கு ரத்தம் குடுத்தது போதும். இனி நீங்க குடுங்க" என்றார்.

மிஞ்சிய கேஸுக்குப் பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவின் குசினிவரை ஒரு குழாய் இழுத்துவிட்டார். செல்வி அக்கா இடியப்பம் அவித்துக் காலை பஸ்ஸில் கலஹா கடைக்குக் கொண்டுபோகிறவர். மாட்டுக்குப் புல் அவர் அறுப்பார், அடுப்புக்குக் கேஸ் அம்மா கொடுப்பார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் எப்படி மறந்தேன் என்றுதான் தெரியவில்லை.

அம்மா கண்மூடிய அன்று மாலை, "மூணாம் நாள் சடங்குல பால் தெளிக்கிற வரைக்கும் இந்த வீட்டு அடுப்புல நெருப்பு வைக்கக் கூடாது" என்றார் தாய்மாமா. வழக்கம்தான். யாராவது மறதியில் தேத்தண்ணி வைத்துவிடுவார்களோ என்று பயந்து, தொட்டியின் பெரிய வால்வையே மூடச் சொன்னார். மூடியவள் நான்.

மறுநாள் செல்வி அக்கா எங்களுக்கு இடியப்பமும் சம்பலும் கொண்டுவந்தார். "என்னக்கா, ஒரே பொக வாசம்?" என்று கேட்டேன். அவர் தட்டை வைத்துவிட்டுப் போனார். அதற்கடுத்த நாள் தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். குசினி முழுக்கப் புகை. மழையில் நனைந்த விறகை அவர் ஊதிக்கொண்டிருந்தார், கண் இரண்டும் சிவந்து கிடந்தன. புகை வாசம் என்று கடைக்காரர் திருப்பியனுப்பிய இடியப்பம் பெட்டியோடு மூலையில் இருந்தது. நாளைக்கும் இப்படியென்றால் வரவேண்டாம் என்றாராம்.

"ஏன்க்கா சொல்லல?"

"சாவு வீட்டுல வந்து கேஸ தொறந்து விடுங்கன்னு எந்த வாயால கேப்பேன் பாப்பா?"

எனக்கு வெட்கமாகவும் அழுகையாகவும் வந்தது. மாமாவிடம் ஓடினேன்.

"நாளைக்குப் பால் தெளிச்சதும் தொறந்துக்கலாம். அதுக்குள்ள என்ன அவசரம்? அக்கா ஆத்மா அலையணுமா?" என்றார்.

"அம்மா ஆத்மா செல்வியக்கா குசினியிலதான் மாமா இருமிக்கிட்டு இருக்கும்!" என்று கத்திவிட்டேன். சாவு வீடென்றும் பார்க்கவில்லை. போய்த் திறந்தேன்.

எங்கள் அடுப்பை நான் பற்றவைக்கவில்லை. ஆனால் கேஸ் எங்கள் தொட்டியுடையது. அப்படியானால் எரிந்தது யார் வீட்டு அடுப்பு? பூசாரியிடம் கேட்டேன், தலையைச் சொறிந்தார். தம்பியைக் கேட்டால் இரண்டு பேரும் சரி என்கிறான். அக்காவை இழந்த மாமாவிடம் அப்படிக் கத்தியிருக்க வேண்டாம். வால்வைத் திறக்காமலும் இருந்திருக்க முடியாது. இன்றுவரை எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பாடை சுமந்த லயத்து அண்ணன்மாருக்கும், ஆஸ்பத்திரியில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த தாதிக்கும், தூரத்திலிருந்து வந்த எல்லோருக்கும் எங்கள் நன்றி. இரண்டு நாள் புகை குடித்து எங்களுக்குச் சோறு போட்ட செல்வி அக்காவிடம் நன்றிக்கு முன் மன்னிப்புக் கேட்கிறேன்.

பதினாறாம் நாளான இன்று பந்தியில் வைக்கும் இடியப்பம் அவர் அவித்தது, அம்மாவின் கேஸில். மாமா, நீங்கள் இன்னும் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டாலும் பரவாயில்லை, உட்கார்ந்து இரண்டு இடியப்பம் சாப்பிடுங்கள். புகை வாசம் இல்லை.