நான்கு போல்ட்

ராட்டர்டாமில் ஒருவர் வீட்டுக்குக் காபி குடிக்கப் போவதென்றாலும் முன்கூட்டியே நாள் குறிக்க வேண்டும். ‘அகெண்டா’ என்றொரு குறிப்பேட்டைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறார்கள். மூன்று வாரம் கழித்து வியாழக்கிழமை நாலு மணிக்குத் தங்களுக்குக் காபி தேவைப்படும் என்பது அவர்களுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. ஊரில் இதைப் படிப்பவர்கள் சிரிப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பொறாமைதான் வருகிறது.

கப்பல் கட்டும் தளத்துக்கு வெல்டராக வந்தவன் நான். சொந்தமாகப் பட்டறை போட ஒரு கொட்டகை கேட்டேன். கொட்டகையின் உரிமையாளர் பீட் ஐந்து வருட வாடகை ஒப்பந்தத்தை எடுத்து வைத்து, “மூன்றாவது வருடம் என்ன செய்துகொண்டிருப்பீர்கள்?” என்றார். “எந்த வேலை வருகிறதோ அது” என்றேன், பெருமையாகத்தான். அவர் பேனாவை மூடிவிட்டார். திட்டமில்லாதவன் என்று நினைத்துவிட்டார். என் திட்டமே அதுதான் என்று விளக்க எனக்கு டச்சு போதவில்லை.

திருவொற்றியூரில் எனக்கும் ராயபுரத்து ஆரோக்கியத்துக்கும் கூட்டாக ஒரு தகரக் கொட்டகை இருந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் கொக்கிகள் செய்தோம். கப்பல் குறைந்த மாதங்களில் சைக்கிள் கேரியர். மின்வெட்டு நாட்களில் துருத்தி ஊதி விசைப்படகுக்கு ஆணி அடிப்போம். உப்பு விற்கப் போனால் மழை, மாவு விற்கப் போனால் காற்று என்பார்களே, நாங்கள் இரண்டையும் கையில் வைத்திருந்தோம். துளை போடும் மெஷின், தண்டவாளத்துக்கு அடியில் போடும் சிலிப்பர் கட்டைகள் இரண்டின் மேல்தான் நின்றது. நாலு பேர் கடப்பாரையால் நெம்பினால் வேண்டிய இடத்துக்கு நகரும்.

பிறகு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. ஒரே மாதிரித் தகடு, ஆயிரக்கணக்கில். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆரோக்கியம் வேளாங்கண்ணிக்குப் போயிருந்த சமயம் பார்த்துக் கான்கிரீட் போட்டு, நான்கு போல்ட்டில் மெஷினை இறுக்கிவிட்டேன். திரும்பி வந்தவன் வாசலிலேயே நின்றான்.

“இன்னா மாமு, தரையோட ஊணிட்டே? நாளிக்கு வேற வேல வந்தா இத்த இன்னா பண்ணுவே?”

“இனிமே இதான் நம்ம வேல.”

“ஆர்ரா சொன்னது?”

யாரும் சொல்லவில்லை. எட்டு மாதத்தில் ஆர்டர் நின்றது. கொட்டகையையும் காலி செய்யச் சொன்னார்கள். கான்கிரீட்டை உடைத்தபோது மெஷினின் அடிப்பாகம் விரிசல் விட்டது. ஆரோக்கியம் என்னைத் திட்டவில்லை. வாய் நிறையத் திட்டியிருந்தால் நான் கடல் தாண்டியிருக்க மாட்டேன்.

பீட்டிடம் மறுபடி போனேன். ஒரே ஒரு திருத்தம் கேட்டேன்: மூன்று மாதம் முன்னால் சொல்லிவிட்டு எப்போது வேண்டுமானாலும் நான் விலகலாம். தம் அகெண்டாவை வெகுநேரம் புரட்டிவிட்டு ஒப்புக்கொண்டார். ஆனால் நான் வாங்கிப் போடும் துளை மெஷினைத் தரையோடு இறுக்கியே ஆக வேண்டும், இங்கே அது சட்டம். போன வாரம் நானே நான்கு போல்ட் போட்டு இறுக்கினேன்.

அன்றே ஆரோக்கியத்தின் கடிதமும் வந்தது. “நம்ம கட்ட ரெண்டும் அப்டியே கீது. ஆருக்கும் குடுக்கல.”

பட்டறையில் கருவிகளுக்கென்று பலகை அடித்திருக்கிறேன். எல்லாம் அதில் வரிசையாகத் தொங்குகின்றன. அந்த நான்கு போல்ட்டுக்கான ஸ்பானர் மட்டும் வாசல் கதவருகே, என் குளிர்கோட்டின் பக்கத்தில் தொங்குகிறது.