முதல் அறை

படூர் ஃபிளாட்டில் பிரபலமான வீடியோ கேம் ஒன்றைப் படமாக்கத் திரைக்கதை எழுதுகிறோம். "மொத சீன்லயே ஹீரோ ரூம் கதவ ஒடச்சிகினு வெளிய வரணும்," என்று டைரக்டர் அந்த கேமின் பழைய இசையைப் போட்டார். அதைக் கேட்டதும் நான் மனசுக்குள் சின்ன வயசு செய்யூர் வீட்டுக்குப் போய்விட்டேன்.

புருஷனிடம் அடி வாங்கித் திரும்பி வந்திருந்த சித்தி, கேம் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஹீரோவை முதல் அறைக்குள்ளேயே சுற்றவிடுவாள்.

"கதவத் தொற சித்தி!"

"வெளிய போனா அடிப்பானுங்கடா. வூட்டுக்குள்ளயே இருக்கட்டும்."

ஒருநாள் ஆட்டத்தின் நடுவிலேயே தாத்தா அவளை எழுப்பி, பையைத் தூக்கிக்கொண்டு, புருஷன் ஊருக்கு பஸ் ஏற்றிவிட்டார். டிவியில் ஹீரோ கதவுக்கு முதுகைக் காட்டி அதே அறைக்குள் நின்றிருந்தான்.

விளையாட்டில் அவனை வெளியே அனுப்பாமலே வைத்திருக்கலாம். படத்தில் முடியாதாம். டைரக்டர் காத்திருக்கிறார், கதவைத் திறக்க எனக்கு மனசு வரவில்லை.