ஒரிஜினல் வந்தால்தான் அட்மிஷன்

பதினோரு வருடம் நான் ஒரு கல்லூரியில் மார்க்கெட்டிங் பாடம் நடத்தினேன். அந்தப் பதினோரு வருடத்தில் ஒரு குண்டூசியைக்கூட யாருக்கும் விற்றதில்லை. பொருள், விலை, இடம், விளம்பரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கண்ணமங்கலம் கடைத்தெருவில் புளி வாங்கப் போனால் மட்டும், கடைக்காரர் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, பாதிக்குப் பாதி கொட்டையோடு வீடு திரும்புவேன். "ஏட்டுச் சுரைக்கா கறிக்கு ஆவாதுன்னு உங்களப் பாத்துதான் சொல்லி வெச்சாங்க" என்பாள் என் மனைவி.

கல்லூரி மலையடிவாரத்தில் இருந்தது. தனியார் கல்லூரி. பெயரைச் சொல்லப் போவதில்லை, சொன்னால் அதுவும் ஓசி விளம்பரமாகிவிடும். எங்கள் வணிகவியல் வகுப்பில் மாணவர்களைவிட பெஞ்சுகள் அதிகம். ஆகவே ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் ஆசிரியர்கள் எல்லோரும் ஊர் ஊராகப் போய் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு வர வேண்டும். சுற்றறிக்கையில் இதற்கு 'உயர்கல்வி விழிப்புணர்வுப் பயணம்' என்று பெயர். எங்களுக்குள் 'பிள்ளை பிடிக்கப் போவது' என்போம்.

அந்த வருடம் நிர்வாகத்துக்குத் திடீரென்று எங்கள் வளர்ச்சியில் அக்கறை வந்துவிட்டது. சென்னையிலிருந்து ஒரு பயிற்சியாளரை அழைத்து வந்தார்கள். ஆய்வுக்குழு வரும்போது மட்டும் திறக்கும் ஏ.சி. அறையை எங்களுக்காகத் திறந்துவிட்டார்கள். அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவர் காதில் மாட்டிய மைக்கோடு குறுக்கும் நெடுக்குமாக நடந்தபடி, "நீங்க வெறும் ஆசிரியர்கள் இல்லை. நீங்க ஒவ்வொருத்தரும் ஒரு பிராண்ட்" என்றார். பக்கத்தில் இருந்த விலங்கியல் மேடம், "பிராண்டுக்கு மே மாச சம்பளம் உண்டான்னு கேளுங்க சார்" என்று என் காதில் கிசுகிசுத்தார். நான் கேட்கவில்லை.

பிறகு ஆளுக்கொரு மஞ்சள் சீட்டு. அதில் நம் வாழ்வின் நோக்கத்தை ஒரே வரியில் எழுதிச் சட்டையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். நோக்கம் இல்லாத மார்க்கெட்டிங் வெறும் கூச்சலாம், நோக்கத்தோடு செய்தால் சேவையாம். எனக்கு அந்த நேரத்தில் இருந்த ஒரே நோக்கம் மதியச் சாப்பாடு. அதை எழுத முடியாதே என்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஜவ்வாது மலை தெரிந்தது. "மலைவாழ் மாணவர்களின் வாழ்வில் விளக்கேற்றுவது" என்று எழுதி ஒட்டிக்கொண்டேன். முதல்வர் வந்து ஒவ்வொரு நெஞ்சாகப் படித்துப் பார்த்தார். என் நெஞ்சைப் படித்ததும் முகம் மலர்ந்து, "அப்ப மலை உங்களுக்கு சார்" என்றார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கையெழுத்தால் கெட்டேன்.

பயிற்சியாளர் கடைசியாகச் சொன்ன ஒன்றையும் இங்கே எழுதி வைக்க வேண்டும். "வாடிக்கையாளர் தானாக ஒன்றை நல்லதாக நினைத்துக்கொண்டால், குறுக்கே விழுந்து அதைக் கலைக்காதீர்கள். மௌனமும் ஒரு மார்க்கெட்டிங்தான்." எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன்.

ஆளுக்கு ஐந்து பேர் என்பது கணக்கு. வாய்வார்த்தை செல்லாது. "ஒரிஜினல் வந்தால்தான் அட்மிஷன்" என்பது எங்கள் தாளாளரின் தாரக மந்திரம். மாணவரின் மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றின் அசலையும் வாங்கி வந்து அலுவலகப் பீரோவில் வைத்துவிட்டால், பிறகு அந்தப் பிள்ளை வேறு எங்கேயும் போய்ச் சேர முடியாது. அன்பால் கட்டிப்போடுவது என்று இதைச் சொல்வார். எங்கள் மீதும் அவருக்கு அதே அன்பு உண்டு. என் எம்.காம்., எம்.ஃபில். ஒரிஜினல்கள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதே பீரோவில்தான் இருந்தன.

ஐந்து பேர் வராவிட்டால் ஜூன் மாதம் வர வேண்டியதில்லை என்றும் சொல்லிவிட்டார்கள். நான் நாலு பேரை ஒருவழியாகத் தேற்றினேன். ஒடுகத்தூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் மாமாவின் மகன், அவனுடைய கூட்டாளிகள் இரண்டு பேர், என் வாடகை வீட்டுக்காரரின் பேத்தி. வீட்டுக்காரர் பதிலுக்கு என்ன கேட்டார் என்பதெல்லாம் இப்போது வேண்டாம். ஐந்தாவது ஆளுக்காக ஒரு நாள் காலையில், அமிர்தி வழியாக வண்டியை மலைமேல் ஏற்றினேன்.

வழி நெடுக புளியமரங்களில் புளியைவிட பிளக்ஸ் பேனர்கள் அதிகம் காய்த்திருந்தன. 'நூறு சதவீத வேலைவாய்ப்பு' என்று ஒரு மரம் சொன்னது. வேலை போகாமல் இருக்க மலையேறிக்கொண்டிருந்த நான் அதைப் படித்துக்கொண்டே கடந்தேன். ஜமுனாமரத்தூர் டீக்கடையில் என்னைப் போலவே டக்-இன் செய்த சட்டையோடு ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏழு பேரும் வாத்தியார்கள், ஏழு கல்லூரிகள். ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்தோம், யார் எந்த ஊருக்குப் போகிறோம் என்று மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை. டீக்கடைக்காரர், "இன்னா சார், மலைல படிக்கற புள்ளைங்கள விட வாத்தியாருங்க ஜாஸ்தியா ஆய்ட்டீங்க" என்றார்.

விசாரித்து விசாரித்து, ஒரு சிற்றூரில் ஒரு வீட்டைக் கண்டுபிடித்தேன். அந்த வீட்டுப் பெண் உண்டு உறைவிடப் பள்ளியில் வணிகவியல் படித்து நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். கீழே அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கிறாள் என்று வழியில் சொன்னார்கள். நான் போனபோது அவள் வீட்டில் இல்லை, பாஸ்புக் விஷயமாக பாங்கிக்குப் போயிருந்தாள். அவளுடைய அப்பா வாசலில் சாமை காயப்போட்டுக்கொண்டிருந்தார். காலேஜிலிருந்து வருகிறேன் என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். மனிதர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"வாங்க சார், குந்துங்க. அப்ளிகேசன் போட்டு ஒரு மாசங்கூட ஆவல, காலேஜே வூட்டுக்கு வந்துடுச்சி!" என்றவர், உள்ளே பார்த்து, "இன்னா பாத்துக்கினு நிக்கற, சாருக்கு பலாப்பழம் எடுத்தா" என்று மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

தாம்பாளத்தில் சுளைகள் வந்தன. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து யார் என்று கேட்டார். "கவுருமெண்டு காலேஜ் சாரு. நம்ம பாப்பாவ சேத்துக்கறதுக்கு வந்துகிறாரு" என்றார் அப்பா, ஊருக்கே கேட்கும்படியாக.

அப்போது என் வாயில் பலாச்சுளை இருந்தது. அதனால்தான் மறுத்துச் சொல்லவில்லை என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு சுளையை விழுங்க எவ்வளவு நேரமாகும்? விழுங்கிய பிறகு நான் சொன்னது, "ஒரிஜினல் எல்லாம் குடுத்துட்டீங்கன்னா வேலை முடிஞ்சிடுங்க" என்பதுதான். பதினோரு வருடத்தில் நான் செய்த முதல் வியாபாரம் அது. பயிற்சியாளர் பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார்.

அவர் உள்ளே போய், எலி எட்டாதபடி மோட்டு வளையிலிருந்து கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்த ஒரு பிளாஸ்டிக் கவரை அவிழ்த்துக்கொண்டு வந்தார். சாதிச் சான்றிதழை மட்டும் தனியே எடுத்துக் காட்டினார். "இந்த ஒரு கடுதாசிக்கு எத்தினி தடவ கீழ எறங்கனேன் தெரியுமா சார்? ஒரு நாளு ஆபீசரு இருக்க மாட்டாரு, ஒரு நாளு நான் கொண்டாந்த பேப்பரு பத்தாது. போயும் வந்தும் செருப்பே தேஞ்சி போச்சி. பத்திரம் சார்."

"பத்திரமா இருக்குங்க" என்றேன். அது மட்டும் பொய் இல்லை. எங்கள் பீரோவுக்கு இரண்டு பூட்டு.

கல்லூரிப் பெயர் கொட்டை எழுத்தில் அச்சடித்த ரசீது ஒன்றில் என் செல்போன் எண்ணை எழுதிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, கவர் தொங்கிய அதே கயிற்றில் அதைக் கட்டினார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

மாலையில் கவர் பீரோவுக்குள் போயிற்று. கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் என் புகைப்படத்தைப் போட்டு 'நோக்கத்தால் வென்றவர்' என்று எழுதினார்கள். கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. விலங்கியல் மேடம் மட்டும் எதையும் அனுப்பவில்லை. அன்று இரவு மனைவி, "பரவாயில்ல, பொழைக்கக் கத்துக்கினீங்க" என்றாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

நான்கு நாள் கழித்து, காலையில் ஒரு போன் வந்தது. நிதானமான பெண்குரல்.

"சார், ரசீதுல உங்க நம்பர் இருந்துச்சி. நாளைக்கு எனக்கு கவர்மென்ட் காலேஜ்ல கவுன்சிலிங். ஒரிஜினல் இல்லாம உள்ள வுட மாட்டாங்க. அப்பா உங்கள அந்த காலேஜ் சாருன்னு நெனச்சிட்டாரு. அவரு அப்பிடி நெனச்சிக்கினாருன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

அவள் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, அந்தக் கோபத்திலேயே தப்பித்திருப்பேன். அவள் கேள்வி மட்டும் கேட்டாள். "தெரியும்மா" என்றேன். "எடுத்துக்கிட்டு காலைல அங்கேயே வர்றேன்" என்றும் சொல்லிவிட்டேன்.

முதல்வர் நல்ல மனிதர். அவருடைய ஒரிஜினலும் அந்தப் பீரோவில்தான் இருந்தது. "சார், எண்ட்ரி போட்டாச்சு. இப்ப எடுத்துக் குடுத்தா கரஸ்பாண்டென்ட்டுக்கு யார் பதில் சொல்றது?" என்றார்.

"நான் சொல்றேன் சார்."

அவர் மாடியில் தாளாளரிடம் போய்விட்டு அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். கையில் ஒரு வெள்ளைத்தாள் இருந்தது. "பொண்ணோட ஒரிஜினல் போவுதுன்னா உங்க ஒரிஜினலும் கூடவே போகட்டும்னு சொல்லிட்டார். ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துடுங்க. காரணம், 'தனிப்பட்ட வளர்ச்சியை முன்னிட்டு'ன்னு போடுங்க சார். எல்லாரும் அதைத்தான் போடுவாங்க."

மனைவியையும் வீட்டு வாடகையையும் நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பெரிய தியாகி மாதிரி உடனே எழுதிவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடி, விலங்கியல் மேடம் கதவருகே வந்து நிற்பதைப் பார்த்த பிறகுதான் எழுதினேன். பீரோ திறந்தது. இரண்டு கவர்கள் கைக்கு வந்தன. அவளுடையது பளபளப்பாக இருந்தது, என்னுடையதில் கரப்பான் முட்டை இருந்தது.

மறுநாள் அரசுக் கல்லூரி வாசலில் திருவிழாக் கூட்டம். வேப்பமர நிழலில் அப்பாவும் மகளும் நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அப்பாவின் முகம் எல்லாம் சிரிப்பு. "நான் சொல்லல? சாரு வந்துட்டாரு பாரு" என்று மகளிடம் சொன்னார். காலடியில் ஒரு சாக்கு மூட்டை. எனக்காக மலையிலிருந்து பலாப்பழம் சுமந்துகொண்டு வந்திருக்கிறார்.

அவள் கவரை வாங்கி, ஒவ்வொரு தாளாக எடுத்து, முன்னும் பின்னும் பார்த்து அடுக்கினாள். எங்கள் ரசீதை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். "அப்பாகிட்ட நான் ஒண்ணும் சொல்லல சார்" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படியாக. அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அப்பா விடவில்லை.

"அப்ப காலேஜ் தொறந்தா பாப்பாக்கு நீங்கதான சார் பாடம் எடுப்பீங்க?"

இந்த முறை என் வாயில் பலாச்சுளை இல்லை.

"இல்லீங்க. நான் இந்தக் காலேஜ் இல்லீங்க. வேற காலேஜ். அன்னைக்கே சொல்லியிருக்கணும், சொல்லல."

அவர் சிரிப்பு உடனே போகவில்லை. நான் ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறேனா என்று மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"அப்ப இன்னாத்துக்கு சார் வாங்கினு போனீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். பதினோரு வருடம் எத்தனையோ வினாத்தாள் தயாரித்திருக்கிறேன், இப்படி ஒரு கேள்வியை நான் வைத்ததில்லை.

"எனக்கு அஞ்சு பேர் வேணும்னாங்க. உங்க பொண்ணு அஞ்சாவதுங்க."

அவர் குனிந்து சாக்கு மூட்டையை என் பக்கமாக நகர்த்தினார். அப்புறம், "பழம் உங்களுக்குன்னுதான் எடுத்தாந்தது. எடுத்துக்கினு போங்க" என்றார். சொல்லிக்கொண்டே மகளின் கையிலிருந்த கவரை வாங்கி, நான் நிற்காத பக்கத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.