திராட்சைக்குப் பதிலாக

அன்றைக்கு ஆலயத்தில் இருந்தவர்கள் இவர்கள்தான்: டவுனிலிருந்து வந்த போதகர், அப்பா, அம்மா, பெரியப்பா, வேலையிலிருந்து நின்றுவிட்ட பழைய கங்காணி, அவர் மனைவி, தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த அண்ணன் தம்பி இருவர், அவர்கள் மனைவிமார் இருவர், ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி, எஸ்டேட் கிளினிக்கில் கூட்டிப் பெருக்கும் அக்கா. மொத்தம் பன்னிரண்டு பேர். என்னோடு சேர்த்து நான்கு பிள்ளைகளும் இருந்தோம். ஆனால் பிள்ளைகளுக்குத் திருவிருந்தில் பங்கு கிடையாது, அதனால் நாங்கள் கணக்கில் வரமாட்டோம். பெரியம்மா வரவில்லை. கோலா தெர்லாவில் பூத்தோட்டம் ஒன்றில் அவருக்கு அந்த ஞாயிறும் வேலை.

இவ்வளவு சரியாக எப்படிச் சொல்கிறேன் என்றால், அந்தப் பன்னிரண்டு பேரையும் பல வாரங்கள் நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன், யார் யார் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று. எனக்கு அப்போது வயது ஒன்பது. இப்போதும் அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற ஆள்தான் நான். படிவம் மூன்றோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் எழுதினால் பிழை இருக்கும். அதையும் நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஆலயம் என்பது பழைய ஆயாக்கொட்டகை. கொழுந்தெடுக்கப் போகிற அம்மாக்கள் கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற இடமாக இருந்தது. எஸ்டேட்டில் பிள்ளைகள் குறைந்துபோனதும் மேனேஜர் அதை எங்களுக்குக் கொடுத்தார். தொட்டில் கட்டிய கொக்கிகள் விட்டத்தில் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். சுற்றி எல்லாரும் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள், எங்கள் ஆறு வீடுதான் வேதக்காரர்கள். மாதத்தின் முதல் ஞாயிறு போதகர் வந்து திருவிருந்து கொடுப்பார். அதற்குத் திராட்சரசம் காய்ச்சுவது அம்மாவின் ஊழியம். கிஸ்மிஸ் என்று கடையில் விற்கிற காய்ந்த திராட்சையைச் சனிக்கிழமை கழுவி ஊறவைப்பார். கொதிக்கவைத்து, மசித்து, வெள்ளைத் துணியில் வடிகட்டிப் புட்டியில் ஊற்றுவார். சண்டை போட்ட கையால் காய்ச்சக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். அதனால் அப்பா, வாரநாளில் கேட்டால் சண்டை வரும் என்று தெரிந்த விஷயங்களையெல்லாம் சேர்த்துவைத்துச் சனிக்கிழமை கேட்பார்.

எங்கள் ஆறு வீட்டுக்குள் இன்னொரு வழக்கமும் இருந்தது. யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் சனிக்கிழமைக்குள் அந்த வீட்டுக்குப் போய் ஒரு டம்ளர் தேத்தண்ணி குடித்துவிட வேண்டும். மன்னிப்பு என்றெல்லாம் வாய்திறந்து கேட்க வேண்டியதில்லை. உட்கார்ந்து குடித்தால் போதும், கணக்குத் தீர்ந்தது. அப்படிக் குடிக்காதவர்கள் மறுநாள் திருவிருந்துப் பந்தியில் கைவைக்கமாட்டார்கள்.

பெரியப்பா பதினோரு வருஷம் அந்தத் தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. இத்தனைக்கும் நாலு வீடு தள்ளித்தான் இருந்தார். திரிங்காப்பிலிருந்து காய்கறியும் பழமும் ஏற்றி லோரி ஓட்டியவர். நான் பிறப்பதற்கு முன்னால் அப்பாவின் மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கிப்போய்ப் பள்ளத்தில் விட்டுவிட்டார். தப்பு மோட்டார் மேல்தான் என்று அவர் சொன்னார், ஓட்டியவர் மேல் என்று அப்பா சொன்னார். அண்ணன் தம்பி பேச்சு அன்றோடு நின்றது. நெஞ்சில் சளி கட்டி, லோரியை விட்டுவிட்டு வீட்டோடு கிடந்த வருஷம், ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"தேத்தண்ணி இருக்கா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

அப்பா எழுந்து தன் நாற்காலியை அவருக்கு நகர்த்திப் போட்டார். இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு குடித்தார்கள். டம்ளர் காலியாகப் போகிற நேரத்தில் பெரியப்பா கேட்டார்: "மோட்டாரு எப்படி ஓடுது தம்பி?"

"அத வித்து எட்டு வருஷம் ஆச்சுண்ணே."

"நல்லதாப் போச்சு. அது சனியன்லா. பிரேக்கே பிடிக்காது."

அப்பா சிரித்துவிட்டார். பெரியப்பாவும் சிரிக்கப் போய் இருமல் வந்து, இருமி முடித்து, "நாளைக்கு வர்றேன்" என்று அம்மாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு மெதுவாக நடந்து போனார்.

அதற்குப் பிறகுதான் அம்மா கிஸ்மிஸ் டின்னைத் திறந்தார். எங்கள் மலையில் கட்டிலுக்குக் கீழே வைத்த செருப்புக்கே பூஞ்சணம் பிடிக்கும். திராட்சை முழுக்கச் சாம்பல் பூத்துக் கிடந்தது. என்னைக் கடைக்கு ஓடச் சொன்னார். கம்போங் ராஜா பக்கம் மண் சரிந்து நான்கு நாளாக லோரி ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. கடைக்காரர் காலி அலமாரியைக் கைகாட்டினார். "கிஸ்மிசும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒங்க சாமிய இந்த மாசம் தேத்தண்ணி குடிக்கச் சொல்லு பாப்பா."

நான் திரும்பி வந்தபோது அடுத்த வீட்டு அக்கா, மாரியம்மனைக் கும்பிடுகிறவர், எங்கள் வாசலில் ஒரு பேசின் நிறைய ஸ்ட்ராபெரியோடு நின்றார். அவர் வேலை செய்த தோட்டத்தில் லோரி இல்லாமல் பழம் தேங்கி, கனிந்ததையெல்லாம் ஆட்களுக்கே கொடுத்துவிட்டார்களாம். அம்மா அந்தப் பேசினையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்: "நாளைக்குப் பந்தி இல்லன்னா மனுசன் திரும்பிப் போயிருவாரு. இன்னொரு பதினோரு வருஷத்துக்கு அவரு எங்க போவாரு?"

பழத்தைக் கழுவிக் காம்பு கிள்ளியது நான்தான். அம்மா சர்க்கரை போட்டுக் காய்ச்சி வடிகட்டினார். நிறம் கிட்டத்தட்டச் சரியாகத்தான் வந்தது. "யார்கிட்டயும் சொல்லாத. காலையில பாஸ்டர்கிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றார்.

காலையில் மலை முழுக்கப் பனிமூட்டம். சரிந்த மண்ணைச் சுற்றிக்கொண்டு வந்ததில் போதகர் முக்கால் மணிநேரம் தாமதமாக, நனைந்த கோட்டோடு உள்ளே வந்தார், வந்ததும் நேரே ஆராதனையைத் தொடங்கிவிட்டார். அம்மா இரண்டு தடவை பாதி எழுந்து, இரண்டு தடவையும் உட்கார்ந்தார். பெரியப்பா கடைசி பெஞ்சில், தோய்த்த சட்டையில், கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அவரைத் திரும்பிப் பார்த்த பிறகு அம்மா எழுந்திருக்கவேயில்லை. சின்னக் கண்ணாடிக் கிண்ணங்கள் வரிசையாகப் போயின. பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். பிறகு கிண்ணத்துக்குள்ளே ஒரு தரம் எட்டிப் பார்த்தார்.

ஆராதனை முடிந்ததும் கங்காணியின் மனைவி அம்மாவின் தோளைத் தட்டி, "இந்த மாசம் நல்லாக் காய்ச்சியிருக்க. ருசியா இருந்துச்சி" என்றார். அம்மாவின் முகம் சாம்பலாகிவிட்டது. அதற்குள் போதகர் அடுத்த எஸ்டேட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

வியாழக்கிழமை காலையில் பெரியப்பா இறந்துபோனார்.

கிளினிக்கில் ஆறு மாதமாகவே கைவிரித்திருந்தார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் போதகர் ஒவ்வொரு முறையும் பந்திக்கு முன்னால் சொல்கிற எச்சரிக்கைதான். தகுதியில்லாமல் அந்தப் பாத்திரத்தில் பங்கெடுத்தவர்கள் சிலர் நோயில் விழுந்தார்கள், சிலர் உறங்கியே போனார்கள் என்று அவர் சொல்லும்போதெல்லாம் நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொள்வேன். பன்னிரண்டு பேரில் ஒருவர் போய்விட்டார். பழத்தைக் கழுவியவள் நான். மிச்சம் பதினோரு பேர், அதில் அப்பாவும் அம்மாவும் உண்டு.

துக்க வீட்டில் பெரியம்மா வந்தவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "பந்தியில கை நனைச்சிட்டுத்தான் போனாரு. பதினோரு வருஷத்துக்கு அப்புறம். நான்தான் பாக்கக் குடுத்துவைக்கல, அந்தப் பூவக் கட்டிக்கிட்டுக் கெடந்தேன்." சொல்லிவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்வார். "நீ ஊத்திக் குடுத்ததுதான் தங்கச்சி அவருக்குக் கடைசி." அம்மா கையை இழுத்துக்கொள்ளவும் முடியாமல் கொடுக்கவும் முடியாமல் நிற்பார்.

பெரியம்மாவிடம் உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்று வீட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இதே பேச்சுதான்.

"செத்தவன் நிம்மதியாப் போயிட்டான். உசுரோட இருக்கறவ நிம்மதிய நீ ஏன் புடுங்கணும்?"

"அவங்க என் கையப் புடிச்சிக்கிட்டு நன்றி சொல்றாங்க. இந்தக் கையால இன்னொரு மாசம் நான் எப்படிக் காய்ச்சுவேன்?"

"வாய மூடிக்கிட்டுக் காய்ச்சு."

"வாய மூடுனதாலதான் இவ்வளவும்."

எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. மூன்றாம் நாள் அம்மாவிடம் கேட்டேன், நாமதான் பெரியப்பாவைக் கொன்னுட்டோமா என்று. அம்மா திடுக்கிட்டு என் வாயைப் பொத்தினார். பிறகு மடியில் போட்டுக்கொண்டு, பழம் யாரையும் கொல்லாது, அது நெஞ்சு சளி என்றார். நான் நம்பவில்லை. சொல்லி முடித்ததும் என்னை இறக்கிவிட்டு, கழுவிக் கவிழ்த்த பானையை மறுபடியும் கழுவப் போனார்.

அடுத்த பந்திக்கு முந்தின சனிக்கிழமை, ரோடு திறந்து புதுக் கிஸ்மிஸ் வந்திருந்தது. அம்மா அதைத் தொடவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போனார். பெரியம்மா பெரியப்பாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். அம்மா நின்றபடியே நடந்ததைச் சொன்னார். கிஸ்மிஸ் கெட்டுப்போனது, ஸ்ட்ராபெரி காய்ச்சியது, போதகரிடம் சொல்லாமல் இருந்தது. சாக்குப்போக்கு ஒன்றும் சொல்லவில்லை. பெரியப்பா திரும்பிப் போய்விடுவார் என்று பயந்ததைக்கூடச் சொல்லவில்லை.

பெரியம்மா ஒரு சட்டையை மடித்து முடித்தார். இன்னொன்றையும் மடித்து முடித்தார்.

"இத ஏன் என்கிட்ட சொன்ன?"

"சொல்லாம இருக்க முடியலக்கா."

"ஒனக்கு முடியல. அதான் கொண்டாந்து என் மடியில எறக்கி வெச்சிட்ட. நான் ஒண்ணே ஒண்ணப் புடிச்சிக்கிட்டு இருந்தேன். ஒன் மனசாட்சியக் கழுவ என் வீட்டுத் தண்ணிதான் கெடைச்சிதா?"

அம்மா காத்துக்கொண்டு நின்றார். அந்த வீட்டில் அன்றைக்குத் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கவில்லை. நாங்கள் திரும்பி வந்தோம். எதிரில் வந்த அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, சொன்னேனே என்று சொல்லாமல் விலகி வழிவிட்டார். அதுவே அவருக்குப் பெரிய விஷயம்.

அன்று கங்காணி வீட்டம்மாதான் காய்ச்சினார். மறுநாள் ஆராதனைக்கு முன்னால் அம்மா போதகரிடம் சொல்லிவிட்டார். அவர் நல்ல மனுஷர். "ஆண்டவர் பழத்தப் பாக்குறதில்லம்மா. ஒண்ணும் கொறஞ்சி போயிரல" என்றார்.

"பழத்துக்காக வருத்தப்படல பாஸ்டர். சொல்லாம இருந்தேனே, அதுக்கு."

போதகர் ஜெபம் பண்ணினார். பந்தி அம்மாவிடம் வந்தபோது அம்மா எடுக்கவில்லை. தன் பேரில் குறையுள்ள ஒருத்தர் நாலு வீடு தள்ளி இருக்கும்போது எப்படி எடுப்பது என்று கேட்டார். பெரியம்மா ஆலயத்துக்கே வரவில்லை. மூன்று மாதம் இப்படிப் போனது. ஒவ்வொரு மாதமும் தட்டில் இரண்டு கிண்ணம் மிஞ்சும். கிராணி அதைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்ப்பார். அம்மா தரையைப் பார்ப்பார். ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்கள் அடுப்பில் ஒரு டம்ளர் கூடுதலாகத் தண்ணீர் கொதித்து ஆறும்.

நான்காம் மாதம் சனிக்கிழமை பெரியம்மா வந்தார். வாசலில் நிற்காமல் நேரே சமையலறைக்குள் போய் மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீ பந்தியில கை வைக்கறதில்லயாம்? கங்காணி வீட்டம்மா சொன்னா. என்னால ஒருத்தி பட்டினி கெடக்கணுமா?"

"தேத்தண்ணி போடறேங்க்கா."

"தேத்தண்ணி வேணாம். அன்னிக்கிக் காய்ச்சுனியே, அதக் காய்ச்சு. என் புருஷன் கடைசியாக் குடிச்சது என்னான்னு எனக்குத் தெரிய வேணாமா?"

என்னை அடுத்த வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் நல்ல பழமாகப் பார்த்து வாங்கி வந்தேன். "இப்படியா இருந்துச்சு? கனிஞ்சதுன்னு சொன்னே. அதே மாதிரி கொண்டா" என்று பெரியம்மா திருப்பி அனுப்பினார். அம்மா காய்ச்சினார், வடிகட்டினார், ஒரு டம்ளரில் ஊற்றினார். "நீயும் ஊத்திக்க" என்றார் பெரியம்மா. கதவுத் துணிக்குப் பின்னாலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் தரையில் எதிரெதிராக உட்கார்ந்து குடித்தார்கள்.

"அவரு குடிக்கும்போது மொகம் எப்படி இருந்துச்சி?"

"கண்ண மூடிட்டாருக்கா. அப்புறம் உள்ள ஒருக்கா எட்டிப் பாத்தாரு."

பெரியம்மா டம்ளரைக் கீழே வைத்தார். "எட்டிப் பாத்தாரா? தெரிஞ்சிருக்கும்லா! எத்தன வருஷம் ஏத்தி எறக்குன சாமான், அதோட ருசி தெரியாதா அந்த மனுசனுக்கு? கள்ளன். தெரிஞ்சிக்கிட்டே குடிச்சிட்டு, வீட்டுக்கு வந்து என்கிட்ட மூச்சு விடல!"

அவர் சிரிக்க ஆரம்பித்தார். அம்மாவும் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் அது அழுகையாக மாறி, ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்துகொண்டார்கள். மறுநாள் ஆலயத்தில் கிண்ணம் மிஞ்சவில்லை.

பெரியப்பா போனது வியாழக்கிழமை என்பதால் நான் அடுத்த வியாழக்கிழமைக்காகக் காத்திருந்தேன். அன்று வயிற்றுவலி என்று பொய் சொல்லிப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, மலைச்சரிவில் கொழுந்து வெட்டுகிற அம்மாவின் மஞ்சள் தொப்பியையும் பெரியம்மா வீட்டுக் கதவையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அம்மா வந்தார். பெரியம்மாவும் வேலையிலிருந்து வந்து, யார் வீட்டு ஆடோ தன் கீரையைத் தின்றுவிட்டதென்று லயத்து வீடுகளெல்லாம் கேட்கும்படி சத்தம் போட்டார். போதகர் இல்லாமல், ஜெபம் இல்லாமல், அதே பழத்தைக் காய்ச்சிச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து குடித்த இரண்டு பேரையும் கடவுள் எப்படி விட்டுவைத்தார் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் மறந்துவிட்டிருப்பார், ஞாபகம் வந்ததும் எடுத்துக்கொள்வார் என்று பயந்துகொண்டே தூங்கிப்போனேன்.