கரப்பானுக்குப் போட்ட துரிசு

யாழ்ப்பாணப் பட்டினத்தில் புத்தகம் கட்டும் கடை வைத்திருந்தேன். என் பசையைப் பற்றி எனக்குப் பெருமை அதிகம். அதைத் தலைக்கனம் என்று என் மனைவி சொல்வாள். அவள் சொன்னதுதான் சரி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் அவளுக்குச் சயரோகம் வந்தது. வாய் துடைக்கிற துணியைக் கழுவக் கூடாது, எரித்துவிட வேண்டும் என்றார் வைத்தியர். வீட்டிலிருந்த பழைய வேட்டியும் சேலையும் எத்தனை நாளைக்குக் காணும்? கட்டாடியார் எங்கள் வீட்டு உடுப்பை வெளுக்க எடுப்பதை நிறுத்தியிருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் கூடப்பிறந்த தமையனே வேலிப் படலைக்கு வெளியே, சைக்கிளை விட்டு இறங்காமல் நின்றுதான் சுகம் விசாரித்தார். எங்கள் ஊர் உரும்பிராய் முழுவதும் எங்களுக்குச் சொந்தக்காரர். அந்த நோய் வருத்தம் வந்த பிறகு ஒருவரும் இல்லை.

புத்தகங்களில் படத்தின் மை எதிர்ப்பக்கத்தில் ஒட்டாமல் இருக்க ஒரு மெல்லிய வெள்ளைத் தாள் வைப்போம். கடையில் அது கட்டுக் கட்டாகக் கிடந்தது. ஈரத்தை நன்றாக உறிஞ்சும். ஆனால் ஒற்றைத் தாள் ஒரு இருமலுக்கே கிழிந்துவிடும். மூன்று தாளை ஒட்டினால் தாங்கும் என்று கணக்குப் போட்டேன்.

முதலில் கோதுமை மாப் பசையை முழுக்கப் பூசி ஒட்டினேன். காய்ந்ததும் அப்பளம் போல விறைத்துவிட்டது. துடைத்தபோது அவளுடைய உதடு வெடித்து இரத்தம் வந்தது.

"புத்தக மட்டையாலை வாய் துடைக்கச் சொல்லுறியளோ?" என்று கேட்டுச் சிரித்தாள். அப்போது அவளுக்குச் சிரிக்கப் பலம் இருந்தது.

பசையை நீர்க்கக் காய்ச்சினேன். ஈரம் பட்டதும் தாள்கள் பிரிந்து, துணுக்குத் துணுக்காக உதட்டில் ஒட்டிக்கொண்டன. பிறகு மரவள்ளி மாவுக்கு மாறினேன். முழுக்கப் பூசாமல் ஈர்க்கு நுனியால் புள்ளி புள்ளியாக வைத்தேன். புள்ளி நெருங்கினால் தாள் விறைத்தது, விலகினால் பிரிந்தது. மூன்று கிழமை கடையைப் பாதி நாள் பூட்டிவிட்டு அதிலேயே மினக்கெட்டேன். கடைசியில் ஒரு தாள் சரியாக வந்தது. மெத்தென்று இருந்தது, நனைந்தும் பிரியவில்லை. அவள் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, "இது நல்லாயிருக்கு" என்றாள். அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தை நினைத்தால் இப்போது எனக்கு என்மேல் ஆத்திரம்தான் வருகிறது.

வைத்தியர் அந்தத் தாளைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து பார்த்தார். மற்ற நோயாளிகளுக்கும் செய்து தர முடியுமா என்று கேட்டார். எனக்குத் தலைகால் தெரியவில்லை. அதுவரை அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் செய்துவந்தவன், அடுக்கடுக்காகச் செய்து வைத்து அவரிடம் கொடுத்தனுப்பத் தொடங்கினேன். மாரி மழை பிடித்தது. மாப்பசை வாசத்துக்குக் கரப்பான் வந்து அடுக்குகளை அரித்தது.

கரப்பானைக் கண்டால் புத்தகம் கட்டுகிறவன் யோசிப்பதில்லை. பசை காய்ச்சும்போது துரிசு என்கிற மயில்துத்தத்தைப் பொடித்துப் போடுவான். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது. நானும் போட்டேன். போடும்போது எனக்குப் புத்தகம்தான் ஞாபகம், வாய் ஞாபகம் இல்லை.

நாலாம் நாள் அவள் சொன்னாள்: "இஞ்சாருங்கோ, வாய் ஒரே கசப்பாக் கிடக்கு. உந்தத் தாளிலைதான் ஏதோ இருக்கு."

என் தாளையா குறை சொல்கிறாள்? எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"வருத்தக்காரருக்குக் கற்கண்டும் கசக்கும். நீர் சும்மா இரும்," என்றேன்.

அவள் கஞ்சியைத் தள்ளி வைத்தாள். குடித்ததையும் சத்தி எடுத்தாள். ஒவ்வொரு முறையும் வாயைத் துடைக்க நானே தாளை எடுத்துக் கொடுத்தேன். வருத்தம் முற்றிவிட்டது என்று படலைக்கு வெளியே நின்று தமையன் சொன்னார். நானும் அப்படித்தான் நம்பினேன். எலும்பும் தோலுமாகிப் போனாள்.

வைத்தியர் அடுத்த முறை வந்தபோது ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதென்ன, புள்ளியெல்லாம் நீலமாயிருக்கு?"

"துரிசு, ஐயா. கரப்பான் தின்னாமல் இருக்கப் போடுறது."

அவர் தாளைக் கீழே போட்டார். "கரப்பானுக்குப் போட்ட நஞ்சைப் பெண்சாதியின்ரை வாயிலை வைச்சிருக்கிறீர்," என்றார். அவள் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள்.

மற்ற நோயாளிகளுக்குக் கொடுத்ததையெல்லாம் அவர் திருப்பி எடுத்து எரித்தாராம். அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று நான் போய்க் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

அன்றே சட்டியை மினுக்கிக் கழுவிப் புதுப்பசை காய்ச்சினேன். சத்தி நின்றது, கஞ்சி இறங்கியது. ஆனால் போன உடம்பு திரும்பவில்லை. இன்னும் இரண்டு மாதம் இருந்தாள். அந்த இரண்டு மாதமும் என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். தாளை நீட்டும்போதெல்லாம், "இதுக்கை ஒண்டும் போடேல்லைத்தானே?" என்று கேட்பாள். "ஓம், ஒண்டும் போடேல்லை" என்பேன். அவள் தலையாட்டுவாள். பிறகு தாளின் ஓரத்தை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் துடைப்பாள்.