எங்களுக்கு எதிராக ஒரு கோல்

மழைக்காலத்தில் எங்கள் அடுப்புக்கு மேலே சித்தப்பாவின் பூட்ஸ்தான் காயும். சோறு வடிக்கும்போது அதிலிருந்து காய்ந்த சேறு உதிரும். "கொழுந்தனாரே, நாங்க திங்கது சோறா, கிரவுண்டா?" என்பாள் அம்மா. "கிரவுண்டு மண்ணு ஒடம்புக்கு நல்லது மைனி" என்று அவர் தட்டை நீட்டுவார்.

அப்பாவின் தம்பியான அவரை மூணாறு எஸ்டேட்டில் வேலைக்கு எடுத்ததே பந்து விளையாடத்தான். பெயருக்குத் தேயிலை பேக்டரியில் தற்காலிக வேலை; உண்மையில் பேக்டரி அணிக்குக் கோல் அடிப்பவர். அந்த வருடம் கோப்பையை வென்றால் பெர்மனென்ட் ஆக்குவதாக எஸ்டேட்டை நடத்தும் துரை சொல்லியிருந்தார். அப்பா அப்போதே இல்லை. எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு கொழுந்து பறிக்கும் அம்மாவின் வேலையோடு ஒட்டியது. அவள் ஓய்வு பெறும்போது வீட்டில் இன்னொரு பெர்மனென்ட் ஆள் இருந்தால்தான் வீடு தங்கும். சின்னப் பிள்ளையான எனக்கே இது தெரியும். சித்தப்பாவுக்கும் தெரியும் என்றுதான் நம்பினோம்.

இறுதி ஆட்டத்தன்று எதிரணியின் ஜீப் ஒன்று மண்சரிவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. எங்கள் மலையில் ஆள் குறைந்த அணிக்கு எதிரணி ஆள் கடன் கொடுக்கும். கொடுப்பது எப்போதும் இருப்பதிலேயே மோசமான ஆளைத்தான். அன்று யாரும் கேட்பதற்கு முன்னால் சித்தப்பாவே எங்கள் அணிச் சட்டையைக் கழற்றிவிட்டு எதிரணிக்குப் போனார். "ஆளில்லாத டீம ஜெயிச்சிட்டு எந்த மூஞ்சிய வச்சிட்டு டீக்கடைக்குப் போக?" என்றாராம். ஒப்புக்கு ஓடிவிட்டு வருவார் என்று எங்கள் ஆட்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று விழுந்தது ஒரே கோல். அடித்தது அவர்.

துரை எழுந்து நின்று கைதட்டினார். அதற்குப் பிறகு பெர்மனென்ட் என்ற பேச்சையே எடுக்கவில்லை. "சும்மா ஓடிட்டு வந்திருக்கலாம்லா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பந்து கால்ல வந்துட்டே மைனி!" என்றார் அவர், அதற்கு மேல் விளக்கம் வேண்டுமா என்பதுபோல. பிறகு முட்டி போனது, அதோடு வேலையும் போனது.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். இன்று பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறேன். இந்த வருடம் அம்மா ஓய்வு பெற்றாள். வீடு தேடி மூணாறு முழுக்க அலைந்தேன். காலியாக இருந்த வீடெல்லாம் ஹோம்ஸ்டே ஆகிவிட்டது. போன இடமெல்லாம், "அந்த கோல் அடிச்சவரோட மகளா? என்னா அடி!" என்றார்கள். மகள் இல்லை என்று திருத்துவதற்குள் டீ வந்துவிடும். வீடு மட்டும் வராது. அந்தக் கோலைப் பார்த்தவர்கள் ஆளுக்கொரு செங்கல் கொடுத்திருந்தால்கூட நாங்கள் மாடியே கட்டியிருக்கலாம்.

கடைசியில் என் பெயரில், என் சம்பளத்தில், ஒரு வீடு பிடித்தேன். சாமான் இறக்கிய அன்று சித்தப்பா ஒரு பாத்திரத்தைக்கூடத் தொடவில்லை. வாசலையே நொண்டி நொண்டி அளந்துகொண்டிருந்தார். "பாப்பா, எம்புட்டு எடம் பாத்தியா! ரெண்டு கம்ப நட்டா போதும், கோல் போஸ்டு."

அவர் குளிக்கப் போன நேரத்தில் இரண்டு கம்பை நட்டு, குறுக்கே கயிறு இழுத்து, இருந்த துணியையெல்லாம் துவைத்துக் காயப்போட்டேன்.

தலையைத் துவட்டியபடி வந்து நின்று பார்த்தார்.

"கிராஸ்பார் கொஞ்சம் தாழ்வா கெடக்கே" என்றார்.